இரண்டு எட்டுக்கு ஒரு குப்பி

சந்திரமௌலிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சாப்பாடு இறங்காது. பால் பாக்கெட்டின் தேதியை அழித்து மறுபடி அச்சடித்திருக்கிறானோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மனுஷர். கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் இருபது வருஷமாகக் காய்கறி கொண்டுவரும் பையாவின் தராசை இன்றைக்கும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தக்காளியை வைக்கச் சொல்வார். "உங்களக் கண்டாலே அந்தத் தராசு நடுங்கறது" என்பாள் மனைவி வத்சலா. வீட்டில் இது சிரிப்பு. ஆய்வகத்தில் இதற்குக் கறார் என்று பெயர், அங்கே இதனால் அவருக்கு மரியாதைகூட உண்டு.

அவர் வேலையும் அப்படிப்பட்டதுதான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் டெல்லிப் பக்கத்து ஏரிகளுக்கு வந்து இறங்கும் காட்டு வாத்துகளின் எச்சத்தில் பறவைக்காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா, இருந்தால் அதன் மரபணு போன வருஷத்து வைரஸைவிட எந்த எழுத்தில் மாறியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. ஆபத்தான வகை தென்பட்டால் உடனே போபாலில் இருக்கும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டு, கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சுற்றுப்பட்ட கோழிப்பண்ணைகளும் அங்கே வேலை செய்கிற ஜனங்களும் தப்புவது அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது.

எச்சத்தைச் சேகரித்துக் கொண்டுவருவது லீலாவதி. நாற்பத்தைந்து வயது. அப்பா அம்மாவுக்குச் சின்னசேலம் பக்கம். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜங்புராவில், மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில். ஆறு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளை நாலு வருஷத்துக்கு முன் இந்த ஒப்பந்த வேலைக்குக் கூட்டிவந்ததே சந்திரமௌலிதான். வாரத்தில் மூன்று நாள், டெல்லி எல்லை ஹரியானாவைத் தொடுகிற கேராபூர் ஜீல் என்கிற ஏரிக்குப் போக வேண்டும். சேற்றுக் கரையில் அடைந்திருக்கும் வாத்துகள் விடிந்ததும் தண்ணீருக்குள் இறங்கும். அவை நகர்ந்தவுடன் ஈரம் காயாத எச்சமாகப் பார்த்துப் பஞ்சுக்குச்சியில் தொட்டுக் குப்பியில் போட வேண்டும். ஒரே வாத்தின் எச்சத்தை இரண்டு தடவை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கரையில் நடக்கும்போது இரண்டு எட்டுக்கு ஒரு குப்பி என்று கணக்கு. நாற்பது குப்பியை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒன்பதேகால் மணிக்கெல்லாம் ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். படித்தது ஐந்தாவது வரைக்கும், லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில். ஊசிவால் வாத்துக்கும் தட்டைவாயனுக்கும் முதுகைப் பார்த்தே வித்தியாசம் சொல்வாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மானசா ஓடிவந்தாள். மரபணு எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கிற இருபத்தெட்டு வயதுப் பெண். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது.

"சார், ஏக் மினிட். புதன்கிழமை சாம்பிள்ல பதினொண்ணு பாசிட்டிவ். ஹெச் ஃபைவ், அந்த டேஞ்சர் வகை. எல்லாத்துலயும் சீக்வென்ஸ் ஸேம். பில்குல் ஸேம். ஒரு லெட்டர்கூட மாறல."

சந்திரமௌலி கண்ணாடியை ஏற்றி மாட்டிக்கொண்டார். ஆயிரத்து எழுநூறு எழுத்து, பதினோரு வரிசை, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒரு புள்ளி மாற்றமில்லை.

"லேப்லயே கலந்திருக்குமோ?"

"நஹீ சார். ஒத்துப் பாக்க நம்ம லேப்ல வெச்சிருக்கற கன்ட்ரோல் வைரஸ்ல நாமளே ஒரு அடையாளம் போட்டு வெச்சிருக்கோம்ல, அது இதுல இல்ல. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்." பிறகு தயங்கிச் சொன்னாள்: "இப்பதான் பரவ ஆரம்பிச்சிருந்தா ஸேமாத்தானே வரும்? அவுட்பிரேக்கா இருக்கலாம்ல?"

"வாத்து செத்துக் கெடந்தா லீலாவதி சொல்லமாட்டாளா? கொள்ளைநோய்னா கரையெல்லாம் பொணமா கெடக்குமே."

சொல்லிவிட்டாரே தவிர மனசு வேறெங்கோ போய்விட்டது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு திட்டத்தில் ஒருத்தன் ஏரிப் பக்கமே போகாமல், தன் வீட்டுக் கோழிக்கூண்டில் எடுத்ததையெல்லாம் காட்டுப் பறவை என்று கொண்டுவந்து கொடுத்தான். அதை நம்பிக் கட்டுரை எழுதி, பிரசுரமாகி, பிறகு திரும்ப வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றவர் சந்திரமௌலி. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. பதினோரு குப்பி, ஒரே வைரஸ். ஒரே எச்சத்தைப் பதினோரு குப்பியில் பிரித்துப் போட்டால் வேறெப்படி வரும்?

லீலாவதி எழுதிக் கொடுத்த தாளை எடுத்தார். சேகரித்த நேரம்: காலை ஆறு ஐம்பது. முகவரிக் கோப்பைத் திறந்தார். போன வருஷம் மதராசி கேம்பை இடித்தபின் அவள் கொடுத்த புது முகவரி நரேலா. நரேலா டெல்லிக்கு வடக்கு மூலை, கேராபூர் தென்மேற்கு மூலை. போனில் வழியைப் போட்டுப் பார்த்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து, மெட்ரோ மாறி, இ-ரிக்‌ஷா ஏறினாலும் எட்டரைக்கு முன்னால் ஏரியில் கால் வைக்க முடியாது. அப்புறம் ஆறு ஐம்பது எங்கேயிருந்து வந்தது?

ஆஹா, என்று அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வரக் கூடாத சந்தோஷம்தான், வந்தது. சந்தேகப்படுகிறவனுக்குத் தடயம் கிடைத்தால் பசித்தவனுக்கு இலை போட்ட மாதிரி.

தாளின் கடைசிப் பத்தி 'குறிப்பு'. அதில் லீலாவதி தமிழில் எழுதுவாள். நாலு வருஷமாகப் 'பனி', 'நல்ல வெயில்', 'நாய் தொல்லை' இதுதான். அதை அவர் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று. நேரப் பத்தியை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து லீலாவதியே கதவருகில் வந்து நின்றாள். அன்றைக்கான குப்பிகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கையில் ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளி முக்காடு.

"சார், ஒரு சேதி..."

"இன்னிக்கு எத்தனை மணிக்குக் கெளம்பினே லீலாவதி?"

"எப்பவும்போலத்தான் சார்."

"நரேலாலேருந்து?"

அவள் முக்காட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். "ஆமாங்க சார்" என்றாள், தரையைப் பார்த்து.

"ரொம்ப தூரமாச்சே."

"ஆமாங்க சார்."

"என்னமோ சேதின்னியே?"

"ஒண்ணுமில்லீங்க சார். அப்புறமா சொல்றேன்." போயே போய்விட்டாள். சந்திரமௌலி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொய் சொல்கிறாள், அதுவும் முகத்துக்கு நேரே! மார்ச்சில் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். போட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஐஸ் பெட்டிகளைக் கழுவி வைக்க வந்திருந்த லீலாவதி ஒரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து கிளம்பினாள். சந்திரமௌலி குரங்குக் குல்லாயும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பின்னால் கிளம்பினார். ஐம்பத்து மூன்று வயது விஞ்ஞானி, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், மெட்ரோவில் இரண்டு பெட்டி தள்ளி நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார். வடக்கே நரேலாவுக்குப் போகிறவள் தெற்கு நோக்கிப் போகிற வண்டியில் ஏறினால் என்ன அர்த்தம்? கடைசி ஸ்டேஷனில் இறங்கினாள். இ-ரிக்‌ஷாவில் ஏறினாள். இவர் அடுத்ததில் ஏறினார். "உஸ் காடீ கே பீச்சே", அந்த வண்டிக்குப் பின்னாலேயே போ, என்று சொல்லும்போது குரல் அவருக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் சொன்னார்.

ஹரியானா எல்லையைத் தாண்டி ஒரு கிராமம். கடுகு வயல், சாணி வறட்டி அடுக்கிய சுவர்கள், பச்சைக் கேட் போட்ட ஒரு வீடு. லீலாவதி அதற்குள் நுழைந்தாள். சந்திரமௌலி ஒரு ட்ராக்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உள்ளே முற்றத்தில் வெள்ளை வாத்துகள். வீட்டு வாத்து! இருபது முப்பது இருக்கும், கூடவே கோழிகள். லீலாவதி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். தகரக் கொட்டகைக்குள் குந்தினாள். ஒரு தகட்டை வைத்துத் தரையிலிருந்து வாத்து எச்சத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

சந்திரமௌலி போனை எடுத்தார். அடிப்பாவி! நாலு படம் எடுத்தார். இரண்டு கலங்கிப்போயிற்று, இரண்டு தெளிவாக வந்தது.

வீட்டில் வத்சலாவிடம் படத்தைக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"பாவமா இருக்கே. இந்தக் குளிர்ல என்ன பண்றா அங்க?"

"என்ன பண்றாளா? தெரியலையா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே அங்க நின்னேள். அவளண்டையே கேட்டிருக்கலாமே."

"திருடினவகிட்ட போய்த் திருடினியான்னா கேப்பா?"

வத்சலா குக்கரை இறக்கப் போனாள். அவருக்கு அன்றும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபைலில் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். சேகரித்த நேரம் பொய், முகவரி பொய், வளர்ப்பு வாத்துக் கொட்டகையில் எச்சம் சேகரிப்பதைக் கண்ணால் கண்டது, ஆகவே மேற்படி பதினோரு மாதிரிகளும் நம்பத்தக்கவை அல்ல, போபாலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. இயக்குநர் ஒரு மணி நேரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். அரசாங்க ஃபைல் சமாச்சாரம் தெரியுமல்லவா, எழுதின குறிப்பைக் கிழிக்க முடியாது, அடிக்க முடியாது. வேண்டுமானால் அதற்குக் கீழே இன்னொன்று எழுதலாம், அவ்வளவுதான்.

ஒன்பதேகாலுக்கு லீலாவதி வந்தபோது வாசல் காவலாளி ஐஸ் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, இனிமேல் வர வேண்டாமாம் என்றான். சாரைப் பார்க்க வேண்டும் என்றாள். சார் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார் சார். முக்கால் மணி நேரம் வெயிலும் இல்லாத, நிழலும் இல்லாத அந்த வாசலில் நின்றாள். அறையின் திரை இடுக்கு வழியாகச் சந்திரமௌலி பார்த்துக்கொண்டிருந்தார். போக மாட்டேன் என்கிறாளே, இன்னும் என்ன நாடகம், என்று பல்லைக் கடித்தார். அவள் போனதும் ஒரு டீ சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் சந்திரமௌலி இல்லையே! நாளைக்கு இவள் யூனியன், கோர்ட் என்று போனால் கையில் ஆதாரம் வேண்டும். எச்சத்தில் வைரஸ் மட்டுமா இருக்கிறது, போட்ட பறவையின் மரபணுவும் இருக்கிறது. அதை வைத்து எந்த இனம் என்று கண்டுபிடிக்கிற சோதனையை எப்போதும் மாதக் கடைசியில் மொத்தமாகத்தான் செய்வார்கள். "இந்தப் பதினொண்ணுக்கும் இப்பவே செய். வீட்டு வாத்துன்னு வரும், பிரிண்ட் எடுத்து வை" என்றார் மானசாவிடம்.

மானசா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தாள். அடுத்த திங்கட்கிழமை பிரிண்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"சார், ஒன்பது ஊசிவால். ரெண்டு தட்டைவாயன். வீட்டு வாத்து ஒண்ணுகூட இல்ல. ஊசிவாலும் ஒரே வாத்து இல்ல சார், ஒவ்வொண்ணா பாத்தேன். குறைஞ்சது பத்து வேற வேற பறவை."

"நீ ட்யூபை மாத்திட்டியா?"

"நஹீ சார்."

"மெஷின்ல ஏதாவது..."

"சார்!" என்றாள் மானசா. அவள் அந்தக் குரலில் அவரிடம் பேசியதே இல்லை. "லீலா ஆன்ட்டி கரெக்டா எடுத்திருக்காங்க. வாத்துங்க வேற வேற, வைரஸ் ஒண்ணு. மத்லப், அது அப்பதான் உள்ள வந்து ஜல்தி ஜல்தி பரவுது. நான் அன்னிக்கே சொன்னேன். பத்து நாளாச்சு."

சந்திரமௌலிக்குச் சந்தேகப்பட இன்னும் யார் மிச்சம் என்று மனசு தேடியது. யாரும் இல்லை.

"அப்புறம் இது" என்று மானசா அந்தப் புதன்கிழமைத் தாளை நகர்த்தினாள். "கடைசிப் பத்தியில எப்பவும் ஒரு வேர்டுதான் இருக்கும். இந்தத் தடவை நிறைய எழுதியிருக்காங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன சார் அது?"

கட்டம் போதாமல் ஓரத்திலும் வளைத்து எழுதியிருந்தது. கோணல்மாணலான பென்சில் எழுத்து.

*ஊசிவாலு ஆறு தண்ணில எறங்கல. கழுத்து கோணிகிட்டு ஒரே எடத்துல சுத்துது. ரெண்டு செத்து கெடக்குது தொடல. சார் பாக்கவும்.*

கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றுவது அந்தக் காய்ச்சல் மூளைக்கு ஏறியதன் அடையாளம். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்காகத்தான் எழுதியிருக்கிறாள். சார் பாக்கவும்.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்று மானசா மறுபடி கேட்டாள். அவர் படித்துக் காட்டினார். கடைசி இரண்டு வார்த்தையைப் படிக்க அவருக்கு வாய் வரவில்லை.

பத்து நாள். அந்த ஏரியைச் சுற்றி எத்தனை கொட்டகை, எத்தனை பேர்! உடனே போபாலுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் நம்பத்தக்கவை அல்ல என்று அவரே எழுதி இயக்குநர் கையெழுத்திட்ட மாதிரிகளை எப்படி அனுப்புவது? இயக்குநரிடம் போனார். அவர் நாற்காலியில் ஆடிக்கொண்டே சொன்னார்: சேகரித்தவள் நேரில் வந்து வாக்குமூலப் படிவத்தில் கையெழுத்துப் போடட்டும், உங்கள் குறிப்புக்குக் கீழே நீங்கள் மாற்றி எழுதுங்கள், மறு நிமிஷம் அனுப்புகிறேன்.

மறுநாள் காலை மானசாவையும் அழைத்துக்கொண்டு டாக்ஸியில் போனார். பச்சைக் கேட்டுக்கு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. "எப்படி சார் தெரியும்?" என்று மானசா கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீலாவதி கொட்டகையில்தான் இருந்தாள். அதே தகடு, அதே கூடை. இவர்களைக் கண்டதும் எழுந்தாள், வணக்கம் சொல்லவில்லை. மானசாதான் முதலில் பேசினாள், முகக்கவசத்தையும் கையுறையையும் நீட்டி: "ஆன்ட்டி, முதல்ல இதைப் போடுங்க, ப்ளீஸ். காய்ச்சல் இருக்கா? இருமல்?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா." போட்டுக்கொண்டாள். "நேத்து இவங்க வாத்து ரெண்டு செத்துப்போச்சு. பனின்னு சொல்றாரு வூட்டுக்காரரு. பனியில்ல, எனக்குத் தெரியும்."

"இங்க... நீ..." என்று சந்திரமௌலி கொட்டகையைப் பார்த்தார்.

"இங்கதான் சார் இருக்கேன். எட்டு மாசமா." கொட்டகையை ஒட்டிய ஒரு தகரக் கதவைக் காட்டினாள். "கேம்ப ஒடச்சப்ப நரேலால வூடு குடுத்த லிஸ்ட்டுல எம்பேரு வரல. எங்கக்கா சந்திரம்மாளுக்கு வந்துச்சு. டெல்லி அட்ரஸ் இருந்தாத்தான் வேலைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அதான் அக்கா அட்ரஸக் குடுத்தேன். இது ஹரியானா, சொன்னா வேலையில வெப்பீங்களா? ஏரி இங்கேருந்து நடந்தா கால் மணி நேரம். வாடகைக்குப் பதிலா கொட்டாயக் கூட்டி வாருறேன். இதுல என்னா சார் தப்பு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. அன்னிக்குக் கேட்டேனே நான்."

"கேட்டீங்களா?" லீலாவதியின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "போலீஸ்காரன் கேக்குற மாதிரி கேட்டீங்க. வூடு கெடச்சுதா லீலாவதி, எங்க தங்குறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? செத்த வாத்தப் பத்தி வாயால சொல்லத்தான் சார் உங்க ரூமுக்கு வந்தேன். நீங்க நரேலான்னு ஆரம்பிச்சீங்க. வேல போயிடுமோன்னு பயந்து ஓடிட்டேன். சரி, எழுதித்தான் குடுத்திருக்கோமே, சார் படிப்பாருன்னு இருந்தேன். வாசல்ல நின்னேனே, அன்னிக்காவது வந்தீங்களா?"

சந்திரமௌலி படிவத்தை வெளியே எடுத்தார். எதற்கு என்று சொன்னார். சொல்ல வேண்டியதை மறைக்காமலும் சொன்னார்: போபாலில் உறுதியாகிவிட்டால் கால்நடைத் துறை வரும், இந்தச் சுற்று வட்டாரத்தில் கொட்டகையில் இருக்கும் வாத்து கோழி எல்லாவற்றையும் எடுத்து அழிப்பார்கள். வீட்டுக்காரருக்கு யாரால் வந்தது என்று தெரியாமல் இருக்காது.

"தெரியும் சார். அப்புறம் என்னை இங்க வெச்சிருப்பாரா? சாமானத் தூக்கி வெளிய போடுவாரு." கையுறையைச் சரிசெய்துகொண்டாள். "இந்த வூட்டுல மூணு பசங்க வாத்த மடியில வெச்சுக்கிட்டு வெளாடுது. போடாம இருக்க முடியுமா? போடுறேன். ஆனா நீங்க என்னைப் பத்தி ஒரு பேப்பர்ல எழுதுனீங்களாமே, காவக்காரன் சொன்னான். அதே பேப்பர்ல, அதுக்குக் கீழ, நான் பொய் சொல்லல, ஒழுங்காத்தான் எடுத்தேன்னு எழுதுங்க. இங்கிலீஷ்ல இல்ல. தமிழ்ல. எனக்குப் படிக்கத் தெரியணும்."

"லீலாவதி, கவர்ன்மென்ட் ஃபைல்ல தமிழ்லல்லாம்..."

"அப்ப வேற யாராச்சும் எடுத்தாங்கன்னு எழுதிக்குங்க சார்."

டாக்ஸியில் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். முன் சீட்டில் சந்திரமௌலி, பின்னால் அவர்கள் இருவரும்.

அறையில் ஃபைலைத் திறந்து வைத்தார். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் ஃபைலில் தமிழ் எழுதியதில்லை. பேனா நகர மறுத்தது. எழுதினார்: லீலாவதி குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் முறைப்படி மாதிரிகளைச் சேகரித்தது சோதனையில் உறுதியாகிறது. அவர் நோய் அறிகுறியை அன்றே எழுதித் தெரிவித்தும் நான் படிக்கவில்லை. என் மேற்கண்ட குறிப்பு தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

லீலாவதி ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். நேரமாயிற்று.

"என் பின்னாடியே வந்து, ஒளிஞ்சு நின்னு போட்டோ எடுத்தீங்களே. அது இல்லியே."

சந்திரமௌலியின் காது மடல் சிவந்தது. "அதை எப்படி உனக்கு..."

"ட்ராக்டர்காரரு சொன்னாரு. எவனோ ஒருத்தன் மூஞ்சிய மூடிக்கிட்டு உன்னைப் படம் புடிச்சான், ஜாக்கிரதன்னு. ரெண்டு நாளு நான் கதவத் தொறக்கல சார், தெரியுமா? பொம்பள தனியா இருக்கேன். உங்க குரங்குக் குல்லாவச் சொன்னதும்தான் நீங்கன்னு தெரிஞ்சுது."

இது அவர் தலையில் ஒருநாளும் தோன்றாத விஷயம். தன்னைத் துப்பறிகிறவனாக நினைத்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு பெண் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நடுங்கியதை நினைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனாவை எடுத்தார். சனிக்கிழமை அவருக்குத் தெரியாமல் அவரைப் பின்தொடர்ந்து சென்று மறைந்திருந்து படம் எடுத்தேன், அவர் அச்சப்படும்படி நடந்துகொண்டேன், மன்னிக்கவும், என்று எழுதிக் கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். இயக்குநர் இதை மொழிபெயர்க்கச் சொல்வார். மொழிபெயர்த்தும் தர வேண்டியதுதான்.

லீலாவதி அதையும் படித்தாள். பிறகு வாக்குமூலப் படிவத்தை வாங்கி, மூன்று இடத்தில் தன் பெயரை எழுதினாள். கடைசி வரி மட்டும் பாக்கி. மானசா அந்த ஆங்கிலப் படிவத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு படித்துத் தமிழில் சொன்னாள்: "மிகக் கிட்ட வளர்ப்புப் பறவைங்க இருக்கற இடம், அட்ரஸ். இறப்பு உண்டா?" படித்தவள் நிமிர்ந்து லீலாவதியைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுதும்மா" என்றாள் லீலாவதி. "கதவு நம்பர் கெடையாது. கேராபூர், பச்சக் கேட்டு வூடு, ட்ராக்டர் நிக்கிற சந்துன்னு போடு. ரெண்டு வாத்து செத்துச்சு, நேத்துன்னும் போடு."

மானசா எழுதினாள்.

"லீலாவதி" என்றார் சந்திரமௌலி. "இனிமே நீங்க எங்க தங்குவீங்க?"

"அதை நான் பாத்துக்கறேன் சார்." பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நாளைக்குப் புதன். எத்தினி குப்பி எடுக்கணும், அதைச் சொல்லுங்க."

நாற்பது என்றார். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.